பாவாயியை அழைக்க இருபத்தெட்டுப் பிடிகள்

கரட்டுப்பாளையத்தில் அர்த்தனாரி வீட்டு வாசல் சுவர் ஏழடியிலிருந்து நாற்பத்து மூன்றடிக்கு எழுந்து நின்றது ஒரு வைகாசி மாதச் செவ்வாய்க்கிழமை. அப்போது மணி காலை எட்டரை இருக்கும். அவர் மனைவி பாவாயி முட்டி வலியால் தரையில் குந்த முடியாமல், ஸ்டூல் போட்டு ஏறி அந்தச் சுவர்மேல் உட்கார்ந்து மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கீழே அர்த்தனாரி, மோட்டார் பழுது பார்க்க வந்த ஆளை நிறுத்திவைத்து, பத்தொன்பது வருசமாக யார் வந்தாலும் சொல்லும் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். கதை பாதிக்கு வந்தபோது சுவர் எழுந்தது. படுத்திருக்கும் மாடு எழுவதைப் போல முதலில் பின்பக்கம் தூக்கி, பிறகு முன்பக்கம் தூக்கி, ஒரு தடவை உடம்பை உதறிக்கொண்டு நின்றது. மிளகாய் கொஞ்சம் சிதறியது. பாவாயி விழவில்லை. சுவர் மேலே போகப் போக இரண்டு பக்கமும் அகன்று, உச்சியில் ஒரு கயிற்றுக்கட்டில் போடும் அகலம் கொண்டிருந்தது. மோட்டார்க்காரர் அண்ணாந்து பார்த்துவிட்டு, "இனி டேங்க்குக்கு வேற பைப்பு வேணுமுங்க" என்றார்.

அந்தக் கதை இதுதான். அர்த்தனாரி முப்பது வருசம் போர்வெல் வண்டியில் ஓடியவர். ராஜஸ்தானம், ஒரிசா, பீகார் என்று போன இடமெல்லாம் பூமியைத் துளைத்துத் துளைத்து, எந்திரத்தின் அதிர்வில் பத்து விரலும் வெளுத்துச் செத்துப்போய், டீ டம்ளரைக்கூட இரண்டு உள்ளங்கையால் ஏந்திக் குடிக்கிறவர். பீகாரில் வேலையாக இருந்த ஒரு சித்திரையில் அப்பன் இறந்த செய்தி வந்தது. முன்பதிவில்லாப் பெட்டியில் நின்றபடியே மூன்று நாள் பயணம் செய்து வந்து சேர்ந்தபோது, அண்ணன் சென்னியப்பன் எல்லாவற்றையும் முடித்துவிட்டிருந்தார். ஒரு நாள் பொறுத்திருந்தால் முகத்தைப் பார்த்திருக்கலாம். பார்க்கக் கிடைத்தது சாம்பல். வெயில் கடுசு, வைக்க முடியவில்லை என்று அண்ணன் சொன்னதாக மற்றவர்கள் வந்து சொன்னார்கள். காரியம் முடிந்த மறுநாளே அர்த்தனாரி கொத்தனாரைக் கூப்பிடாமல் தானே நூல் பிடித்து, இரட்டைச் செங்கல் வைத்து, கம்பிக்குப் பதிலாகப் பழைய போர்வெல் துளைக்குழாய்களை நட்டு, இரண்டு வீட்டுக்கும் பொதுவாக இருந்த வாசலைக் குறுக்கே வெட்டிச் சுவர் எழுப்பினார். பாவாயியை யாரும் கேட்கவில்லை. அன்றிலிருந்து நாளைக்கு ஒருவரிடம் என்று கணக்கு வைத்தாலும் ஏழாயிரம் தடவை அந்தக் கதையைச் சொல்லியிருப்பார்; அத்தனை தடவையும் அவள் அடுப்படியிலிருந்து கேட்டிருந்தாள்.

ஊர் முதல் இரண்டு நாள் வேடிக்கை பார்த்தது, மூன்றாம் நாளிலிருந்து பழகிக்கொண்டது. தீயணைப்பு வண்டி வந்து ஏணியை நீட்டியது; ஏணி நீள நீளச் சுவரும் நீண்டது, ஏணி மடங்கியதும் பழைய உயரத்துக்கு வந்து நின்றது. மூன்று தடவை பார்த்துவிட்டுத் தீயணைப்பு அதிகாரி 'ஏணி போதவில்லை' என்று நோட்டில் எழுதிக்கொண்டு போனார். கிரேனுக்கும் அதே கதிதான். ரேஷன் கடைக்காரர் கைரேகை எந்திரத்தை, மேலே எறிந்த கயிற்றில் கட்டிய வாளியில் வைத்து அனுப்பிப் பதிவு வாங்கிக்கொண்டார். சுவரின் நிழல் காலையில் எதிர்வீட்டு மாட்டுக்கொட்டாயிலும் மாலையில் பள்ளிக்கூடத்துப் பக்கமும் விழுந்ததால், நிழலில் யார் வடகம் காயாமல் போனது என்று நாலு பேர் சண்டை போட்டு, பிறகு அதே நிழலில் கட்டில் போட்டுப் படுத்துச் சமாதானமானார்கள். காணாமல் போன ஆட்டைத் தேடுகிறவர்கள் கரட்டில் ஏறுவதை விட்டு, "அம்மிணீ, எங்க செம்மறி தெம்படுதா?" என்று கீழிருந்து கூவினார்கள், பாவாயி கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்து, "ஏரி மேட்டுல நிக்குது, ஆனா கூட ஒரு கெடாயும் நிக்குது, அது ஆருதுன்னு நீயே கேட்டுக்கோ" என்றாள். யாரோ ஒரு மடக்குக் கட்டிலையும், கூரையாகக் கட்டிக்கொள்ளப் பழைய கல்யாண பேனர் ஒன்றையும் கயிற்றில் கட்டி மேலே ஏற்றினார்கள். டவுன் பஸ் கண்டக்டர் எட்டாம் நாளிலிருந்து, "செவுரு எறங்கு, செவுரு" என்று கத்த ஆரம்பித்தார்.

அர்த்தனாரி மட்டும் பழகிக்கொள்ளவில்லை. வாசலில் நின்று அண்ணாந்து கத்தினார்.

"ஏம்புள்ள, கயிறு கட்டி விடறேன், புடிச்சுட்டு எறங்கு!"

"கயித்துல எறங்கறதுக்கு நானென்ன வாளியா?"

"பின்ன எப்படித்தான் எறங்குவே?"

"பொண்டாட்டி கோவிச்சுட்டுப் போனா எப்படிக் கூப்புடுவாங்களாம்? போன எடத்துக்கு வந்து கூப்புடோணும். வாசல்ல நின்னு கத்தறதுக்குப் பேரு கூப்புடறதா? அது ஏலம் போடறது."

தெருவே சிரித்தது. அர்த்தனாரிக்குக் காது சிவந்தது. ஆனால் அவள் சொன்னதில் தப்பில்லை என்று அவருக்கும் தெரியும். அந்த வட்டாரத்தில் மனைவி கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போனால், புருசன் கால் வலிக்கப் போய், அவள் இருக்கும் இடத்தில் உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்து, வா என்று சொல்ல வேண்டும். ஆள் அனுப்பினால் வரமாட்டார்கள், வந்தால் மதிப்பில்லை. பாவாயிக்குப் பிறந்த வீடு என்று மிச்சம் எதுவும் இல்லை. அதனால் சுவருக்குப் போயிருந்தாள்.

டீக்கடை குஞ்சாயிதான் ஆடி மாதக் காற்றை நினைவுபடுத்தினாள். "ஆடி பொறக்க நாப்பத்தாறு நாள் இருக்குதுங்ணா. ஆடிக்காத்து அடிச்சா அந்த ஒசரத்துல கட்டிலும் நிக்காது, கட்டில்ல இருக்கறவளும் நிக்கமாட்டா."

செத்த விரல்களால் சுவரைப் பிடித்து ஏற முடியாது. அர்த்தனாரி இரண்டு நாள் யோசித்து, லாரி ஸ்பிரிங் பட்டையைக் கொல்லுப்பட்டறையில் கொடுத்துக் காய்ச்சி அடித்து, கிளி மூக்குப் போல வளைந்த இரண்டு கொக்கிகள் செய்துகொண்டார். அவற்றைத் தோல்வாரால் மணிக்கட்டோடு கட்டிக்கொண்டால் விரலுக்கு வேலையில்லை. கொக்கி மூக்கை எதிலாவது மாட்டிவிட்டு உடம்பைத் தொங்கவிட்டால் போதும். இனி வேண்டியது கொக்கி மாட்டுவதற்குச் சுவரில் பிடிகள். கீழிருந்து ஒன்றரை அடிக்கு ஒன்றாக அடித்துக்கொண்டே போனால், கொக்கி மாட்டிய பிடியே பிறகு கால் வைக்கும் படியாகிவிடும். இருபத்தெட்டுப் பிடி போதும் என்று கணக்கு வந்தது.

முதலில் கருவேலங்கட்டையில் செய்தார். இரும்பு மூக்கு ஒரே இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து எழ, கட்டையின் நார் ஓடும் வழியே பாக்குவெட்டி போட்டதுபோல் பிளந்தது. நாலு நாளில் நாலு கட்டையும் போயிற்று. பிறகு சிமெண்டில் ஜல்லி கலந்து கொட்டாங்கச்சியில் வார்த்துப் பார்த்தார். பார்க்கப் பாறை மாதிரி இருந்தது, கொக்கி பட்டதும் டீக்கடைப் பொறை மாதிரி உதிர்ந்தது. அப்புறம் கருங்கல். உளியால் குழி கொத்திய கல் கொக்கியைத் தாங்கியது, ஆனால் போல்ட்டுக்குத் துளை போட்ட இடத்தில் விரிசல் ஓடி ஒரு மத்தியானம் காரணமில்லாமல் இரண்டாகப் பிரிந்து விழுந்தது. இதில் ஒரு விசயம் கற்றுக்கொண்டார்: ஒரு பிடிக்கு ஒரு போல்ட்டு போட்டால், எவ்வளவு முடுக்கினாலும், பாரம் ஏறியதும் பம்பரமாகச் சுற்றிவிடும், இரண்டு போட வேண்டும். அதைக் கற்றுக்கொண்டதற்கு விலையாக இடுப்பு ஒரு வாரம் பிடித்துக்கொண்டது.

பதினேழு நாள் இப்படி வீணாகப் போன பிறகு, பழைய இரும்புக் கடையில் தேய்ந்த ஜேசிபி பற்கள் குவிந்து கிடப்பதைப் பார்த்தார். மண்ணையும் பாறையையும் கடித்துத் தேய்ந்த பல், ஆனால் அதைவிடக் கெட்டியான இரும்பு ஊரில் கிடையாது. ஜேசிபி வாளியின் முனையில் சொருகுவதற்காக உள்ளே குடைவு இருக்கும். அந்தக் குடைவு மேலே பார்க்கும்படி திருப்பி வைத்தால், கொக்கி மூக்குக்கென்றே செய்த கூடுபோல இருந்தது. கனத்த தகட்டில் பற்றவைத்து, தகட்டின் பின்னால் லாரி டயர் ரப்பரை வெட்டி வைத்து, இரண்டு போல்ட்டில் முடுக்கினால், சுவரும் நோகாது, பிடியும் நோகாது. ஒரே சிக்கல், அந்த இரும்பு பச்சையாகப் பற்றவைத்தால் வெடிக்கும். முதலில் காய்ச்ச வேண்டும், பற்றவைத்த பிறகு சட்டென்று ஆறவிடக் கூடாது, சாம்பலுக்குள் புதைத்துவைத்து ஒரு நாள் முழுக்க மெல்ல ஆறவிட வேண்டும் என்று வெல்டிங் பட்டறைக்காரர் சொன்னார்.

"சாம்பலா? வேற எதுலயும் வெக்க முடியாதா?" என்றார் அர்த்தனாரி.

"வேற எதுல வெப்பீங்? பஞ்சுலயா?" என்றார் பட்டறைக்காரர்.

அர்த்தனாரி அடுப்புச் சாம்பலையும் செங்கல் சூளைச் சாம்பலையும் மூட்டையாகக் கொண்டுவந்து வாசலில் கொட்டி, சிவந்த பற்களை ஒவ்வொன்றாகப் புதைத்து, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். சாம்பல் மேலே ஆறியிருந்தது, உள்ளே கையை விட முடியவில்லை. செத்த விரலுக்கும் அந்தச் சூடு தெரிந்தது.

இந்தப் பிடிகள் சுவரில் உறுதியாக நின்றன. ஒரு நாளைக்கு இரண்டு, கெட்ட நாளாக இருந்தால் ஒன்று. இடுப்புக் கயிற்றை ஒரு பிடியில் கட்டிக்கொண்டு, தொங்கியபடி மேலே துளை போட்டு, அடுத்ததை முடுக்கி, இறங்கி, உடம்பெல்லாம் செங்கல் தூளோடு வாசலில் விழுந்து கிடப்பார். பிடியை அழிப்பது பாரம் இல்லை, நடுக்கம் என்பது அவருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்தது. நேராகத் தொங்கினால் ஆளையும் அவன் அப்பனையும் சேர்த்துத் தாங்கும் கூடு, கை ஆடினால் கொக்கியைத் துப்பிவிடும். ஆறாவது பிடியில், இடுப்புக் கயிற்றைக் கட்டுவதற்கு முன் தொங்கும்போது வழக்கம்போல மனசுக்குள் அந்தக் கதை ஓட ஆரம்பித்தது, மூன்று நாள் ரயில், சாம்பல், வெயில் கடுசு. தோள் நடுங்கி, கொக்கி துள்ளி, எட்டடி உயரத்திலிருந்து சாம்பல் மேட்டில் விழுந்தார்.

மேலிருந்து பாவாயி கேட்டாள், "என்ன நெனச்சுட்டு ஏறுனீங்க?"

"ஒண்ணும் நெனைக்கல."

"உங்க மூஞ்சி எனக்கு இங்கிருந்தே தெரியுது. வேற எதாச்சும் நெனைங்க."

வேறு நினைக்க அவரிடம் அதிகம் இல்லை. அதனால் துளைத்த பூமியை நினைத்தார். பத்தடி செம்மண், இருபதடி சுக்கான்கல், அதற்குக் கீழே அழுகல் பாறை, அழுகலுக்குக் கீழே கருங்கல், கருங்கல்லில் முந்நூறு அடிக்கு ஈரம், ஐந்நூறு அடிக்குப் புகை. ராஜஸ்தானத்தில் மணல், மணலுக்குக் கீழே மணல், அதற்குக் கீழே உப்புத் தண்ணீர் என்று கீழே போன வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே மேலே போனார். கை ஆடவில்லை. வாழ்நாளெல்லாம் கீழ்நோக்கிப் போனவருக்கு மேல்நோக்கிப் போகவும் அந்த ஒரு பாட்டுதான் இருந்தது.

பதினான்காவது பிடிக்கு வந்த அன்று மேலே பாவாயி எதையோ சாப்பிடுவது தெரிந்தது. கம்பஞ்சோறு. அவர் அன்று வாளியில் அனுப்பியது குஞ்சாயி கடை இட்லி.

"ஏது அது?"

"நாச்சக்கா குடுத்து உட்டாங்க." நாச்சக்கா அண்ணன் மனைவி. "அந்தப் பக்கமும் ஒரு வாளி இருக்குது."

"எத்தன நாளா?"

"வாளி இப்பத்தான். முன்னாடியெல்லாம் ஸ்டூல் மேல ஏறி எக்கி வாங்குவேன். எம்பட மொளகா வருசத்துல முந்நூறு நாள் காயுதே, அத்தன மொளகா நமக்கெதுக்குன்னு நீங்க ஒரு நாளாச்சும் கேட்டீங்களா? ஊட்டுல நீங்க ருசியா இருக்குதுன்னு சொன்ன கொள்ளு ரசமெல்லாம் ஆரு வெச்சதுன்னு நெனச்சீங்க?"

அர்த்தனாரி பதில் சொன்னால் கை ஆடும். அழுகல் பாறை, கருங்கல், ஈரம் என்று முணுமுணுத்து இறங்கினார். இறங்கிய பிறகு கோபப்பட நினைத்தார், ஆனால் கோபத்துக்கு வேண்டிய தெம்பு தோளில் இல்லை. அன்று ராத்திரி சாப்பிடாமல் படுத்தார், காலையில் பசித்தது.

கடைசி ஆறடிதான் கொடுமை. சுவர் அங்கே வெளிப்பக்கமாகச் சாய்ந்து விரிந்ததால் காலுக்கு இடமில்லை. முழு உடம்பும் இரண்டு கொக்கியில், இரண்டு மணிக்கட்டில். அந்த நாலு பிடிக்கு ஒன்பது நாள் ஆயிற்று. ஆனி கடைசி வாரம். மேற்கே கணவாய்ப் பக்கம் காற்று கிளம்பிவிட்டது, பேனர் படபடவென்று அடித்துக்கொண்டது, பாவாயி கட்டிலை மடக்கிவிட்டுச் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தாள். இருபத்தெட்டாவது பிடியில் கொக்கியை மாட்டி, மார்பால் தேய்த்து, அர்த்தனாரி உச்சியில் ஏறி விழுந்தபோது, கீழே தெருவில் யாரோ கை தட்டினார்கள், யாரோ ஆட்டைப் பற்றிக் கேட்டார்கள்.

பாவாயி சொம்பை நீட்டினாள். அவர் தண்ணீரை வாங்கி இரண்டு உள்ளங்கையால் பிடித்துக் குடித்தார். பிறகு மூச்சு வாங்க வாங்க, சொல்ல வேண்டியதைச் சொன்னார்.

"வா. ஊட்டுக்குப் போலாம்."

பாவாயி அவர் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"கூட ஆரு வந்திருக்கறாங்க?"

"கூட ஆரு வருவா? நாந்தான்."

"கூப்புட வாரவங்க ஒத்தையிலயா வருவாங்க? பங்காளியில பெரியவங்க ஒருத்தரைக் கூட்டிட்டு வாரதுதான மொறை? நாளைக்கு மறுபடியும் சண்டை வந்தா நான் ஆருகிட்டப் போயிச் சொல்றது, உங்க கொக்கிகிட்டயா?"

அர்த்தனாரி முறை முழுவதும் தெரிந்தவர்தான், பாதியை மறந்திருந்தார். ஊருக்கு அது முதல் நாளே தெரியும். அண்ணன் பேச்சை எடுத்து அவரிடம் யார் திட்டு வாங்குவது என்று பேசாமல் இருந்துவிட்டது.

"இருவத்தெட்டுப் பிடி போட்டு வந்திருக்கறேன் புள்ள."

"பிடி நல்லாத்தான் இருக்குது. மொறை நல்லா இல்ல."

"அந்தாளு வரமாட்டான்."

"அந்தப் பக்கம் பாருங்க."

பத்தொன்பது வருசமாக அவர் பார்க்காத வாசல் அது. காற்றில் குப்புறப் படுத்து, விளிம்பில் கழுத்தை நீட்டிப் பார்த்தார். நாற்பத்து மூன்றடிக்குக் கீழே தலை முழுக்க நரைத்து, தோள் குறுகிப்போன ஒரு ஆள் ஸ்டூல்மேல் நின்றிருந்தார். நாச்சக்கா ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். சுவரில் நெஞ்சு உயரத்துக்கு மூன்று மரக்கட்டைகள், மூன்றும் பிளந்தவை. தரையில் உடைந்த கட்டைகள் ஒரு குவியலாகக் கிடந்தன. அந்த ஆள் ஆட்டுக்குத் தழை பறிக்கும் தொரட்டியின் கொக்கி இரண்டை மணிக்கட்டில் துணியால் கட்டியிருந்தார். நாலாவது கட்டையைச் சுவரில் வைத்து ஒரே ஒரு ஆணியை அடித்துக்கொண்டிருந்தார்.

"எப்பயிருந்து?" என்றார் அர்த்தனாரி.

"கூப்புடறதுக்குப் பெரியவங்க வேணுமேன்னு ரெண்டாம் நாளே ஆரம்பிச்சுட்டாங்க. எழுவது வயசு. இடுப்பெலும்பு வேற ஒடஞ்சு ஒட்ட வெச்சது. நாளைக்கு ஒண்ணு அடிப்பாங்க, அடுத்த நாள் அது உழுகும்."

அர்த்தனாரி அந்தக் கட்டையைப் பார்த்தார். வேப்பங்கட்டை. நார் மேலிருந்து கீழாக ஓடியது. ஒரு ஆணி. பார்க்கப் பார்க்க வந்தது துக்கமா எரிச்சலா என்று அவருக்கே தெரியவில்லை. தன்னை அறியாமல் கத்திவிட்டார்.

"மரத்துல அடிக்காதீங்! பொளந்துக்கும்!"

கீழே சுத்தியல் நின்றது. சென்னியப்பன் கண்ணுக்கு மேல் கை வைத்து அண்ணாந்தார். 

"ஆரது?"

"நாந்தான்."

"நாந்தான்னா?"

"அர்த்தனாரி!"

சென்னியப்பன் நாச்சக்காவிடம் திரும்பினார். "அப்பனாட்டவே கத்தறான் பாரு." பிறகு மேலே பார்த்து, "மரமில்லாம வேற எதுல அடிக்கறதாம்?"

"இரும்புல. ஒரு பிடிக்கு ரெண்டு போல்ட்டு. ஒண்ணு போட்டாச் சுத்தும். எனக்குச் சுத்துச்சு."

"அத அப்பவே சொல்றதுக்கென்ன? ஒன்றரை மாசமா வேப்பமரத்த வெட்டிட்டிருக்கறேன்."

"நீங்க கேட்டீங்களா?"

"நீ பேசுனியா?"

பாவாயி பேனரின் முனையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அர்த்தனாரியின் தோள் நடுங்க ஆரம்பித்தது. கொக்கியில் தொங்காத தோள், நடுங்கினால் இப்போது கெடுவதற்கு ஒன்றுமில்லை. ரயில், மூன்று நாள், நின்ற கால் எல்லாம் ஒன்றாக எழுந்து வந்தன. ஏழாயிரம் பேரிடம் சொன்ன கதையை, சொல்ல வேண்டிய இந்த ஒருவரிடம் அவர் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. சொல்ல வந்தபோது நீளமான கதை எதுவும் வரவில்லை. ஒரு வரிதான் வந்தது.

"அன்னைக்கு ஒரு நாள் பொறுத்திருக்கலாமுங்ணா."

சென்னியப்பன் ஸ்டூலிலிருந்து ஒரு காலை மெல்ல இறக்கி, மற்றதை இறக்கி, தரையில் நின்று, தொரட்டி கட்டிய கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டார்.

"பொறுத்திருக்கலாந்தான்" என்றார். "ஆளாளுக்கு எடுக்கச் சொன்னாங்க. எனக்கு வேண்டாம்னு சொல்லத் தெரியல."

சுவர் மெல்ல அசைந்தது. அர்த்தனாரி விளிம்பை முழங்கையால் அணைத்துக்கொண்டார். பாவாயி கயிற்றில் தொங்கிய வாளியைப் பார்த்தாள். அண்ணன் வாசலில் தரையைத் தொடாமல் ஆடிக்கொண்டிருந்த வாளி இப்போது தரையில் உட்கார்ந்திருந்தது.

"செவுரு ஒரு சாண் எறங்கியிருக்குது" என்றாள்.

"ஒரு சாணா?" அர்த்தனாரி களைத்துப்போய்க் கண்ணை மூடினார். "பத்தொம்பது வருசத்துக்கு ஒரு சாணா?"

"என்னையக் கேட்டா? செவுரு கட்டுனது நீங்க." பாவாயி அவர் மணிக்கட்டிலிருந்து கொக்கிகளின் வாரை அவிழ்க்க ஆரம்பித்தாள். கட்டிய இடம் கன்றிச் சிவந்திருந்தது. "ம், பேசுங்க. ரெண்டு பேரும் பேசுங்க. ஆடிக்கு இன்னும் நாலு நாள் இருக்குது."